அவர் பக்ரைனில் இருந்தார்

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். குழித்துறையில் பஸ் ஏறினால் கடல் வரும்வரை போகலாம். அந்தக் கடற்கரையில் வரிசையாக நிற்கும் தேவாலயங்களில் ஒன்றைச் சுற்றி அந்த ஊர் இருக்கிறது, அவ்வளவு போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். பக்ரைன்கூட பக்ரைன் இல்லை, வேறொரு வளைகுடா நாடு. எழுதுவதற்கு முன் கேட்கவேண்டியவர்களிடம் கேட்டேன். ஒருவர் "எழுதுங்க" என்றார். இன்னொருவர் "என்னமும் செய்" என்று போனை வைத்துவிட்டார். அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் பினாங்குக்காரி. பகலில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. வாரக் கடைசியில் நானும் என் தோழி செல்வியும் பாட்காஸ்ட் நடத்திக்கொண்டிருந்தோம். இது 2016. பாட்காஸ்ட் என்றால் என்ன என்று எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. "ரேடியோ மாதிரி, ஆனா ரேடியோ இல்லை" என்பேன். "அப்போ எதுக்கு?" என்பார் அப்பா. குற்ற வழக்குகளைப் பற்றித்தான் பேசுவோம். யார் கொன்றான், ஏன் கொன்றான், எப்படி அகப்பட்டான். துணி மடிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கேட்பதற்கு மனிதர்களுக்குக் கொலைதான் பிடிக்கிறது, நான் என்ன செய்ய?

பினாங்குக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டும் ஒருவர் எங்கள் நேயர். அவர் சொன்ன கதை இது. அவருடைய சொந்த ஊரான அந்தக் கடற்கரை ஊரில் லாசர், ஜெரோம் என்று இரண்டு மீனவர்கள், ஒரே வள்ளத்தில் போகிறவர்கள், உயிர்ச் சிநேகிதர்கள். கோவில் திருவிழாவன்று இருவரும் குடித்துவிட்டு, வலை கிழிந்தது யாரால் என்று சண்டை போட்டார்கள். ஜெரோம் துடுப்பை எடுத்து ஓங்கி அடித்துவிட்டார். லாசர் மணலிலேயே விழுந்து செத்துப்போனார். ஜெரோம் தானே நடந்துபோய் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தார். தண்டனை முடிந்து வந்து, இப்போதும் அதே ஊரில் இருக்கிறார். லாசரின் மனைவி புஷ்பமும் அதே ஊரில், அதே தெருவில் இருக்கிறார்.

"அதே தெருவிலா?" என்றாள் செல்வி. "கிளம்பு."

கிளம்பிவிட்டேன். போகும்போது எனக்குத் தெரியாத சில விஷயங்களை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம்.

ஜெரோமுக்கு ஒரு மகள், ஷைனி. நான் போய் இறங்கிய வாரத்தில் அவளுக்குக் கோவிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வாசிப்பார். அதுதான் ஓலை. ஷைனிக்கு இரண்டு வாசித்தாயிற்று, ஒன்று பாக்கி. மாப்பிள்ளை வீட்டார் மும்பையில் குடியேறிப் பல காலம் ஆனவர்கள். ஜெரோம் ஜெயிலில் இருந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் நிற்கும். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டக் காத்திருந்தது.

இன்னொன்று. அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆளை அனுப்பிப் பெண் வீட்டைப் பற்றி நைசாக விசாரிப்பார்கள். டீக்கடையில், மீன் சந்தையில், பக்கத்து வீட்டில். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து "இன்னார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். போதாக்குறைக்கு, அந்த மாப்பிள்ளைக்கு மலேசியாவில் ஓர் அத்தை இருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் நாள் நான் கடலுக்கே போய்ச் சேரவில்லை. குழித்துறை லாட்ஜில் குளித்து, இட்லி தின்று, பஸ் நிலையத்தில் நின்ற பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். எங்கள் பினாங்கில் பஸ் ஓட்டுநர் அருகில் நின்று அட்டையைத் தட்டிவிட்டு ஏறவேண்டும். இங்கே ஏறி உட்கார்ந்தபிறகு கண்டக்டர் தேடி வருகிறார் என்பதே பெரிய உபசாரமாகத் தோன்றியது. அவர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். விமானத் தூக்கம், கேட்கவா வேண்டும்? எழுப்பும்போது சுற்றிலும் ரப்பர் மரங்கள்.

"கடல் எங்கே?" என்றேன்.

"கடலா? கடலுக்கு நீங்க எதிர்த்தாப்புல நின்ன பஸ்ல ஏறியிருக்கணும். இது திற்பரப்பு. இறங்குங்கோ, வந்ததுக்கு அருவியில ஒரு குளி குளிச்சிட்டுப் போங்கோ" என்றார் கண்டக்டர்.

குளித்தேன். மாற்றுத்துணி இல்லாமல், சுரிதாரோடு. தலையில் யாரோ பொத்துப் பொத்தென்று அடிப்பதுபோல் விழுந்தது தண்ணீர். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் எனக்கே புரிகிற மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். "இவளைப் பார், கைப்பையோடு அருவிக்குள் நிற்கிறாள்" என்றாள் ஒருத்தி. "வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாள், பாவம்" என்றாள் மற்றவள். கூடவே என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். திரும்பும்போது ஈரம் சொட்டச் சொட்ட வந்தேன். வழியில் வாங்கிய மட்டிப்பழச் சீப்பு முழுவதையும் தின்று தீர்த்தேன். விரல் நீளப் பழம், வாயில் போட்டால் கரைகிறது. பினாங்குச் சந்தையில் இருக்கும் எந்த வாழைப்பழமும் இதன் கிட்டே வராது என்று செல்விக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். "கொலை எங்கே?" என்று பதில் வந்தது.

மறுநாள் சரியான பஸ்ஸில் ஏறி, தூங்காமல், கண்டக்டரிடம் மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சாலை முனையில் ஆட்டோவோடு நின்றவர் பெயர் தங்கராஜ். வட்ட முகம், வாய் நிறையச் சிரிப்பு. ஏறி உட்கார்ந்தேன், வண்டியைக் கிளப்பினார்.

"எங்கேருந்து வாறிய?"

"மலேசியா."

சிரிப்பு நின்றது. "மலேசியாவா? யாரப் பாக்கணும்?"

"ஜெரோம்னு ஒருத்தர். அவரைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்."

தங்கராஜ் வண்டியை அணைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த இருக்கையின் மிச்ச இடத்தைத் துடைத்தார். "ஜெரோம் அண்ணனா? தங்கமான மனுசனாக்கும். பக்ரைன்ல இருந்தாரு. பத்துப் பன்னெண்டு வருசம். ஊருக்கே தெரியும்."

"பக்ரைன்லயா? என்ன வேலை?"

யோசித்தார். "ஏசி."

"ஏசி மெக்கானிக்கா?"

"அதேதான். நீங்களே சொல்லிட்டிய பாருங்கோ."

மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெரோம் பக்ரைனில் டிரைவர் என்றார். கோவில் படியில் உட்கார்ந்திருந்த பெரியவர், இல்லை, எண்ணெய்க் கம்பெனியில் சூப்பர்வைசர், அரபி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு என்றார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் ஒட்டகம் என்று ஆரம்பித்தான், பக்கத்தில் இருந்தவர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். குடிப்பாரா? சேச்சே. கோபம் வருமா? ஒரு எறும்பை மிதித்ததில்லை. சண்டை சச்சரவு? அதெல்லாம் இந்த ஊர்ப் பழக்கமே இல்லையாம். இதைச் சொல்லும்போதே பின்னால் இரண்டு பேர் ஐஸ் பெட்டிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அடடா, எனக்கு உடம்பு புல்லரித்தது. குற்றக் கதை சொல்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் சதி. ஊரே ஒரே பொய்யைச் சொல்கிறது, ஆகவே ஊரே பயந்து கிடக்கிறது, ஆகவே ஜெரோம் ஒரு பெரிய தாதா. அலைகளை எதிர்த்துக் கத்தி இதைச் செல்விக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். "மாஃபியா!" என்று அவள் அலறியது தங்கராஜின் ஆட்டோ வரை கேட்டது.

பயந்த ஊர் எனக்குச் சாப்பாடு போட்ட விதத்தை நான் கவனித்திருக்க வேண்டும். மீன் ஏலப் பெண் என்னை வீட்டுக்கு இழுத்துப்போய் மரச்சீனி என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கை அவித்ததும் நெய்மீன் புளிமுளமும் போட்டார். புளிமுளம் என்றால் தேங்காயை வறுத்து அரைத்து, புளி தூக்கலாக, சட்டியில் வற்றவிட்ட குழம்பு. எங்கள் ஊரில் மீனை வாழை இலையில் வைத்துச் சுடும் இக்கான் பாக்காரை உலகத்திலேயே ஒசத்தி என்று நினைத்திருந்தேன். நினைப்பை மாற்றிக்கொண்டேன். "இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா? நம்ம ஊரு பிள்ளைகளும் இப்படித்தான் சமைப்பாளுவ. முக்கியமா ஷைனி" என்றார் அந்த அம்மா. ஷைனி யார் என்று கேட்கக்கூட வாய் ஒழியவில்லை எனக்கு.

சாயங்காலம் டீக்கடை. அங்கே சாயா என்பார்கள். எங்கள் ஊர்த் தே தாரிக் டீயைப்போல இவர்களும் உயரத் தூக்கி ஆற்றுகிறார்கள், ஆனால் அதைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை. கடையில் சுடச்சுட பழம்பொரி. ஏத்தம்பழத்தை, அதாவது நேந்திரம் வாழைப்பழத்தை, நீளவாக்கில் கீறி மாவில் தோய்த்துப் பொரிப்பது. எங்கள் ஊர் வாழைப்பழ பஜ்ஜியான பீசாங் கோரெங் எனக்குப் புதிதா என்ன, ஆனால் இது வெளியே மொறுமொறுவென்று, உள்ளே அல்வா. மூன்று தின்றேன். மாஸ்டர் ஒல்லியான மனிதர், நரைத்த தாடி முள், கைலியை மடித்துக் கட்டியிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் வழக்கம்போல ஜெரோமின் பக்ரைன் மகிமையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ஜெரோமைத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி ஆளு?"

"மோசமான ஆளாக்கும்."

பெஞ்சில் ஒருவர் இருமினார். "ஏய் மாஸ்டரே, சும்மா கெடயும்வே."

"கேட்டா சொல்லாண்டாமா?" என்று திரும்பினார் மாஸ்டர். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த ரெக்கார்டரைப் பார்த்தார். "கோவக்காரன். பெருங்குடிகாரனா இருந்தான். இப்பம் தொடமாட்டான். அவன நம்பி நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். ஆனா மவ அவனப்போல இல்ல. அவ தங்கமான பிள்ள. அதையும் சேத்துப் பிடிச்சிருக்கா உங்க மிஷினு?"

பிடித்திருக்கிறது என்றேன். இன்னொரு பழம்பொரியைத் தாளில் வைத்துத் தந்துவிட்டு மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டார். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. கிடைத்துவிட்டார் என் சாட்சி, ஊரில் ஒரே தைரியசாலி.

மூன்றாம் நாள் தங்கராஜ் லாட்ஜ் வாசலிலேயே நின்றார். என்னைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஊர்க் கமிட்டியில் தீர்மானமாம். "இவ்வளவு தூரம் வந்திட்டு அரண்மனையப் பாக்காமப் போனா எங்களுக்காக்கும் கொறச்சல்" என்றார். நான் மாஃபியாவின் கவனத்தைத் திருப்பும் தந்திரம் இது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

அரண்மனை முழுக்க மரம். குனிந்து பார்த்தால் முகம் தெரியும் அளவுக்குக் கறுப்பாகப் பளபளக்கும் தரை. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடக்கும்போது காலுக்கு இருக்கும் சுகத்தைச் சொல்லி முடியாது. பினாங்கிலும் பெரிய பெரிய சீன மாளிகைகள் உண்டு, ஆனால் அங்கே எல்லாம் தங்கப் பூச்சும் கண்ணாடியுமாகக் கண்ணைக் குத்தும். இங்கே ஒரு ராஜா இருந்ததற்கான அடையாளமே இருட்டும் குளிர்ச்சியும்தான். தங்கராஜ் ஒவ்வொரு அறையிலும் என் பின்னால் நின்று, "ஷைனி டீச்சருக்குப் படிச்ச பிள்ளையாக்கும்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். ராணியின் கட்டிலைப் பார்க்கும்போதுமா? ஆமாம், அப்போதும்.

அன்று சாயங்காலம் லாட்ஜின் சாப்பாட்டு அறையில், ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் தோசைக்குக் காத்திருந்தேன். கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். இருபது சொச்சம் வயது. வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை.

"நீங்க ராபினுக்க அத்தை இல்ல."

"எந்த ராபின்?"

"அதான் சொல்லுதேன். அத்தைக்கு இப்பம்தான் போன் போட்டோம். அவங்க ஈப்போவுல முட்டுவலியில படுத்திருக்காங்க. நீங்க யாருக்கா? என்னத்துக்கு எங்க அப்பாவைப் பத்தி ஊரெல்லாம் கேட்டுட்டு நடக்கிய?"

தோசை வந்தது, ஆறியது. நான் உங்களுக்கு முதலிலேயே சொன்ன ஓலை, விசாரிப்பு, அத்தை எல்லாம் எனக்குத் தெரியவந்தது அப்போதுதான். தங்கராஜ் இருக்கையைத் துடைத்தது, நெய்மீன், அரண்மனை எல்லாம் சரசரவென்று இடத்தில் போய் விழுந்தன. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் யார் என்று சொன்னேன்.

"பாட்காஸ்டா?" என்றாள் ஷைனி. "இங்கிலீஷ்ல நானும் கேட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்கும், அடுத்தவன் வீட்டுக் கதையா இருந்தா."

மாப்பிள்ளையை ஏமாற்றவில்லை என்றும் சொன்னாள். "ராபினுக்குத் தெரியும். முதல் தடவ பேசச்சிலயே சொல்லிட்டேன். வேண்டாம்ணா அப்பவே வச்சிடுண்ணேன். அவன் வைக்கல்ல. அவனுக்க அம்மைக்குத்தான் தெரியாது. கல்யாணம் முடிஞ்சு நானே பைய சொல்லிக்கிடுவேன். இப்பம் தெரிஞ்சா நிறுத்திப்புடுவாங்க. அப்பாவுக்கு, ராபினுக்குத் தெரியும்ணு தெரியாது. ஊருக்கும் தெரியாது. ஊருல எல்லாவனும் அவனவனுக்குத் தெரிஞ்ச பக்ரைனைச் சொல்லிட்டு நடக்கான்."

"ஒருத்தர் மட்டும் உண்மை சொன்னார்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "டீக்கடை மாஸ்டர். உங்க அப்பாவை மோசமான ஆளுன்னு சொன்னார். உங்களைத் தங்கம்னார்."

ஷைனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "அதாக்கும் அக்கா எங்க அப்பா" என்றாள் உள்ளேயிருந்து. "ஜெயில்ல சமையல்கட்டுலதான் போட்டிருந்தாங்க. பழம்பொரி அங்க படிச்சதுதான்."

பெஞ்சில் அத்தனை பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரையே புகழ்ந்துகொண்டிருந்தது நினைவு வந்து வெட்கமாக இருந்தது. யாருக்கு வெட்கம் என்று கேட்டால், எனக்குத்தான். சாட்சி கிடைத்தார் என்று குதித்தேனே.

எழுந்திருக்கும்போது ஷைனி இரண்டு விஷயம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரை நான் அத்தையாகவே இருக்கவேண்டும். அத்தை இல்லை, வழக்கைத் தோண்ட வந்தவள் என்று தெரிந்தால் ஊர் பதறும், பதறினால் யாராவது மும்பைக்குப் போன் போடுவார்கள். இன்னொன்று, புஷ்பம் அம்மாவிடம் மட்டும் போகக்கூடாது. இரண்டுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

"அவங்க எனக்கு ஞானத்தாய்" என்றாள்.

ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவள் ஞானத்தாய். பக்கத்தில் நிற்பவர் ஞானத்தகப்பன். அன்று முதல் பிள்ளையைப் பெற்றவரும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், கும்பாதிரி என்பார்கள். கூடப்பிறந்தவனிடம்கூடக் கோபித்துக்கொள்ளலாம், கும்பாதிரியிடம் முகம் சுளிக்கக்கூடாது என்பது அந்தக் கடற்கரையின் சட்டம். ஷைனியின் ஞானத்தகப்பன் லாசர். ஜெரோம் துடுப்பை ஓங்கியது தன் கும்பாதிரியின் மேல்.

செல்வியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "இது நம்ம நடத்துனதிலேயே பெரிய எபிசோடு லா" என்றாள். எனக்கும் அது தெரியும். தெரிந்ததுதான் தொந்தரவு. புஷ்பத்திடம் ஒரே ஒரு பத்து நிமிஷம் பேசினால் போதும் என்று மனசு அரித்தது. வாக்குக் கொடுத்தாயிற்றே என்றும் அரித்தது. விடிந்ததும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன், இருந்தால் போய்விடுவேன் என்ற பயத்தில்தான்.

பாதி கட்டியிருக்கும்போது தங்கராஜ் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "புஷ்பம் அக்கா உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லிச்சு."

"ஷைனிக்குத் தெரியுமா?"

"அவதான் அக்காகிட்ட எல்லாம் சொல்லியிருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க அத்தை இல்லியா?" என்று பாவமாகக் கேட்டார். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியில் ஷைனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அரண்மனைக்குப் போன ஆள்தானா என்று இருந்தது.

புஷ்பம் வீட்டு முற்றத்தில் அரிவாளைக் காலில் மிதித்துக்கொண்டு சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். குட்டையான, கட்டுமஸ்தான பெண். காலையில் குழித்துறைச் சந்தையில் மீன் விற்றுவிட்டுத் திரும்பியவர், அலுமினியச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீதான் கத சொல்லுதவளா? இரி. தின்னியா?"

"தின்னாச்சு அக்கா."

"எங்க, அவனுக்க கடையிலியா?" என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நான் அங்க ஒரு சாயா குடிச்சதில்ல. அந்த வழியா போவச்சில மூஞ்சியத் திருப்பிட்டுத்தான் போவேன். மிஷினு ஓடுதா?"

"இல்லக்கா."

"இப்பம் போடாத. நான் சொல்லச்சில போடு."

மீன் செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டே பேசினார். குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. "ஃபாதர் வந்து மன்னிக்கணும்ணு பிரசங்கம் வச்சாரு. கமிட்டிக்காரனுவ வந்தானுவ. அவனே வந்து இந்த முற்றத்துல முட்டுக்குத்தி நின்னான். நான் கதவச் சாத்திட்டேன். நான் மன்னிக்கல்ல கேட்டியா. செத்தாலும் மன்னிக்கமாட்டேன். எனக்க மாப்பிள்ள அவன அடிச்சிருக்க மாட்டாரு. வாயிதான் பெருசு அவருக்கு, கையி வராது. எனக்கு இப்பமும் அவன நெனச்சா வயிறு எரியும்."

"அப்புறம் ஏன் அக்கா நீங்க இதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லலை?"

அரிவாள் நின்றது. "அவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கச்சில எனக்க கையிலயாக்கும் கெடந்தா. அவரு மெழுகுதிரியப் பிடிச்சிட்டு நின்னாரு. மெழுகு கையில சொட்டிச் சொட்டி, அவரு ஆ ஊண்ணு கத்த, ஃபாதரே சிரிச்சிட்டாரு. எனக்குப் பெத்த பிள்ள இல்ல. இவளத்தான் அவரு தோள்ல வச்சிட்டு அலைஞ்சாரு. அப்பன் ஜெயிலுக்குப் போனப்பம் இவளுக்கு நடக்கத்தான் தெரியும். இவ என்னத்த செஞ்சா? இவள நான் வெறுக்கணுமா? பாத்தேன். வெறுக்க வரல்ல."

கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். கை இரண்டும் மீன். எனக்கும் அழுகை முட்டியது. அடக்கிக்கொள்ளவில்லை.

"ஏய், நீ என்னத்துக்குக் கரையுத?" என்று அதட்டினார். "காரியத்தைக் கேளு. இண்ணைக்கு நீ வந்த. நாளைக்கு வேற எவளாவது வருவா. கல்யாணம் களிஞ்சாலும் எவளாவது மாமியாக்காரிக்குப் போன் போடுவா, இப்படி ஒரு கேஸு உண்டும்ணு. அண்ணைக்கு ஷைனி அழுதுட்டு நிக்கப்பிடாது. செத்தவனுக்க பெஞ்சாதியே சொல்லுதா, அப்படி ஒண்ணும் இல்லண்ணு. அதைப் போட்டுக் காட்டினா எவ வாயத் திறப்பா? உனக்க மிஷின்ல பிடிச்சு ஷைனிக்க போனுக்கு அனுப்பிக் குடு. அதுக்கு மேல உனக்கும் இங்க வேல இல்ல."

கையைக் கழுவினார். சேலையைச் சரிசெய்து, தலைமுடியை ஒதுக்கி, புகைப்படத்துக்கு உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். நான் ரெக்கார்டரை அவர் முன்னால் வைத்தேன்.

"போட்டியா?"

"போட்டுட்டேன்."

"எனக்க பேரு புஷ்பம். எனக்க மாப்பிள்ள பேரு லாசர். அவரு கடலுக்குப் போயி செத்தாரு. யாரு மேலயும் எங்களுக்கு ஒரு குத்தமும் இல்ல. ஜெரோம் அண்ணன் அப்பம் பக்ரைன்ல இருந்தாரு. நல்ல மனுசன். அவருக்க மவ ஷைனி எனக்க ஞானப்பிள்ள. நாங்க வளத்த பிள்ள. அவளக் கெட்டுதவன் குடுத்து வச்சவன்."

அண்ணன் என்று சொல்லும்போதுகூடக் குரல் தடுக்கவில்லை. நிறுத்தினேன். எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன், இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"திருப்பிப் போடு, கேக்கட்டு" என்றார்.

போட்டேன். சிறிய ஒலிபெருக்கிதான், கடல் இரைச்சல் வேறு. ரெக்கார்டரின் மேல் குனிந்து, காதைக் கிட்டத்தில் வைத்துக் கடைசி வரை கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"செரியில்ல. இன்னொருக்கப் போடு, முதல்லேருந்து சொல்லுதேன்."

"எல்லாம் நல்லாத்தான் அக்கா வந்திருக்கு."

"மத்தது எல்லாம் கேக்குது. லாசர்ங்கது கேக்கல்ல. அது உள்ளதாக்கும், பொய்யில்ல. அது மட்டும் தெளிவா கேக்கணும்."

நான் பொத்தானை அமுக்கினேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.